சர்க்கரை கேட்கும் முறை

எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில் எந்த வீட்டில் அடி விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சுவர் அவ்வளவு மெலிசு. மேல் வீட்டில் தும்மினால் கீழ் வீட்டிலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்தலாம். தெரிந்தால் என்ன செய்வார்கள்? டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். இத்தனை வருடமாக இந்தக் கட்டடத்தில் நான் கேட்ட செய்திகளெல்லாம் அப்படிக் கூட்டிவைத்துக் கேட்டவைதான்.

தரைத்தளத்தில் ஆல்ட்ரேஷன் கடை என்னுடையது. பேன்ட் உயரம் குறைப்பேன், ஜிப் மாற்றுவேன், வயிறு போட்டவர்களுக்குப் பக்கத் தையலைப் பிரித்துக் கொடுப்பேன். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் எடுத்தவள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மேலே மூன்றாம் மாடிச் சத்தம் தாங்க முடியாமல், அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று படியேறினேன். கதவைத் திறந்தவனின் முகம் கொதித்துக்கொண்டிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், “கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் இரண்டு நிமிடம் விழித்தான். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளரில் சர்க்கரை கொண்டுவந்தான். அதுவரை அடித்துக்கொண்டிருந்த கை. அன்றைக்கு அதற்கு மேல் சத்தம் வரவில்லை.

அதிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. முதலில் நானும் இதே கட்டடத்து ஊசி அக்காவும். கிளினிக்கில் ஊசி போடுகிற நர்ஸ் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பிறகு ஏழு பேரானோம். யார் காதில் விழுந்தாலும் போன் செய்ய வேண்டும், இரண்டு பேர் போய்க் கதவைத் தட்ட வேண்டும், ஏதாவது இரவல் கேட்க வேண்டும். சண்டையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ‘ஏன் அடிக்கிறாய்’ என்று கேட்டால் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ‘தெர்மாமீட்டர் இருக்கா’ என்று கேட்டால் தேடியாக வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, பெண்டாட்டியைக் கூப்பிட வேண்டும். அவள் வெளியே வருவாள். கதவு திறந்திருக்கும். நாங்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருப்போம்.

அதே மூன்றாம் மாடி வீட்டில்தான் அதிகம் தட்டினோம். நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளின் வீடு. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கிற லாண்டரியில் அவளுக்கு வேலை. ஏழு வயதில் ஒரு மகள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஊருக்கெல்லாம் தங்கமான மனுஷன். பிள்ளைகளைப் பூப்போலத் தூக்கி இறக்கிவிடுவான், அம்மாக்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். இந்தப் பணிவைப் பார்த்தாலே எனக்கு வாந்தி வரும். எங்களைப் பற்றி அவன் பெண்டாட்டியிடம் சொன்னானாம், “இந்தப் பொம்பளைங்க வீட்ல எதுவுமே வாங்க மாட்டாங்களா? எப்பப் பாரு இரவல்.” அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். அவன் கண்ணுக்கு நாங்கள் வெட்கங்கெட்ட இரவல்காரிகளாகத் தெரிந்த வரைக்கும் அவளுக்குப் பாதுகாப்பு.

ஆனால் தட்டுவதெல்லாம் அந்த ஒரு நாளைக்குத்தான். ஒரு தடவை அவள் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டே என் கடையில் சொன்னாள், “ஒரு ரூம் இருந்தா போதும்க்கா. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிற மாதிரி. நானும் பாப்பாவும் பொழச்சுக்குவோம்.”

அந்த அறைக்காகத்தான் விண்ணப்பம் போட்டேன். பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் சிறு குழுக்களுக்கு நிதி தருகிறார்கள் என்று ஊசி அக்காவின் கிளினிக்கில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பத்தொன்பது பக்கப் படிவம். பதினோராவது பக்கத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் அணுகுமுறையைப் பிறரும் பின்பற்றும் வகையில் படிப்படியாக விளக்குக.’

அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜிப் மாற்றுகிறவளிடம் அதுவரை யாரும் அணுகுமுறை என்ன என்று கேட்டதில்லை.

“பேர் கீர் எதுவும் போட்டுடாதே,” என்றாள் ஊசி அக்கா.

“எனக்குத் தெரியாதா? ஒருத்தி பேர் கிடையாது, ஒரு கதவு நம்பர் கிடையாது. எந்த மாடின்னுகூட எழுதலை.”

நான்கு பக்கம் எழுதினேன். எப்படிக் கேட்பது, எதைக் கேட்பது, எவ்வளவு நேரம் நிற்பது, அவன் எப்படி ஏமாறுவான், எல்லாம். படம்கூட வரைந்தேன். கதவு, இரண்டு பெண்கள், ஒரு டம்ளர். பெயர்களை மட்டும் மூன்று தடவை தேடிப் பார்த்து, எங்கும் இல்லை என்று நிம்மதியாக ஒட்டி அனுப்பினேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நிதி கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு அதிகாரி அம்மா வந்தார். என் கடை ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். படிவத்தில் அறை வாடகையை அவர்கள் கோடு போட்டு அடித்திருந்தார்கள்.

“நாங்க விழிப்புணர்வுக்குத்தான் தர்றோம். தங்குற இடமெல்லாம் வேற துறைங்க.”

“அந்த ரூமுக்காகத்தாங்க எழுதினதே.”

“அடுத்த கட்டத்துல பாக்கலாம். முதல்ல இதை நல்லா பண்ணுவோம். உங்க முறை ரொம்பப் புதுசா இருக்கு, மேலிடத்துல எல்லாரும் அசந்துட்டாங்க.”

அடுத்த கட்டம் என்ற எலும்புத்துண்டுக்கு நானும் வாலை ஆட்டினேன். அறைக்குப் பதிலாக வந்தவை: நூற்றைம்பது டி-ஷர்ட், நூற்றைம்பது பீங்கான் கோப்பை, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். கோப்பையில் ‘வன்முறையில்லா வீடு என் வீடு’ என்று எழுதியிருந்தது. டி-ஷர்ட்டுகள் எல்லாம் ஒரே அளவு. பாதிப் பேருக்குப் பக்கத் தையலை நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

தொடக்க விழாவில் ஆண்கள் கட்டாயம் அறுபது பேர் இருக்க வேண்டுமாம். அது நிதியின் விதி. ஆண்களை ஒதுக்கிவிட்டு மாற்றம் வராது என்றார் அதிகாரி. சாப்பாடு உண்டு என்று நோட்டீசில் போட்டதும் தொண்ணூறு பேர் வந்தார்கள். எந்தெந்தக் கதவுகளை நாங்கள் தட்டினோமோ அந்தந்த வீட்டு ஆண்கள் எல்லாம் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மண்டபம் முழுக்க சென்ட் வாசனை.

என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். வாழ்நாளில் முதல் மேடை. தலைகால் புரியாமல் உட்கார்ந்திருந்தபோது விளக்கை அணைத்துத் திரையில் படம் போட்டார்கள். நான் வரைந்த கதவு. நான் வரைந்த டம்ளர். பக்கத்தில் பெரிய எழுத்தில், ‘படி ஒன்று: சத்தம் கேட்டதும் இருவராகச் செல்லுதல். படி இரண்டு: சர்க்கரை, தீப்பெட்டி, ஊசி நூல், தெர்மாமீட்டர் போன்ற பொருளை இரவல் கேட்டல்.’

மண்டபம் கைதட்டியது. நான் அப்போதுதான் கீழே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் வேன்காரன் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆறு வருடக் கணக்கு அவன் முகத்தில் ஒவ்வொன்றாக நேராகிக்கொண்டிருந்தது. பிறகு செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டான்.

நான் அதிகாரியின் காதில், “இதை நிறுத்துங்க, அவங்க முன்னாடி காட்டக் கூடாது,” என்றேன்.

“பயப்படாதீங்க, பேர் எதுவும் வராது. ரகசியம் காக்கறதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு,” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசியில் உறுதிமொழி. நல்ல குரல் இருக்கிற ஆண் ஒருவர் முன்னால் வந்து வாசிக்க வேண்டும். பிள்ளைகளோடு பழகுகிறவர் என்று யாரோ சொல்ல, அதிகாரி வேன்காரனைக் கூப்பிட்டார். ‘என் வீட்டுப் பெண்களைக் கண்ணியமாக நடத்துவேன்’ என்று அவன் கணீரென்று வாசித்தான், தொண்ணூறு பேரும் திருப்பிச் சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். போகும்போது என்னிடம் வந்து கோப்பையைத் தூக்கிக் காட்டி, “நல்ல ஐடியாக்கா,” என்று சிரித்தான். எச்சிலை எங்கே துப்புவது என்று தெரியாமல் விழுங்கினேன்.

இரண்டு வாரம் சத்தமே இல்லை. திருந்திவிட்டானோ என்று ஊசி அக்கா நப்பாசைப்பட்டாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. நான் ஒரு கோட்டுக்கு லைனிங் வைத்துக்கொண்டிருந்தேன். மேலே நாற்காலி விழுந்தது. பிறகு அவள் குரல். ஊசி அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே படியேறினேன். அவள் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள், கதவைத் தட்டாமல், கீழே பார்த்துக்கொண்டு.

கதவுக்கு வெளியே ஒரு தட்டு இருந்தது. தட்டில் ஒரு தீப்பெட்டி, ஊசி குத்திய நூல்கண்டு, உறையோடு தெர்மாமீட்டர். நடுவில் ‘வன்முறையில்லா வீடு என் வீடு’ கோப்பை, விளிம்பு வரை சர்க்கரை. நாங்கள் கேட்கக்கூடிய அத்தனையையும் எடுத்து வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஆரம்பித்திருக்கிறான்.

நான் தட்டினேன்.

“வெளியில வெச்சிருக்கேன்க்கா, எடுத்துக்குங்க,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மூச்சு கொஞ்சம் வாங்கியது. மற்றபடி மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

“எனக்குச் சர்க்கரை வேணாம். அவளையும் பாப்பாவையும் வெளியில அனுப்பு.” ஆறு வருடத்தில் அந்தக் கதவில் நான் உண்மையைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு கையாலும் தட்டினோம். ஊசி அக்கா தோளால் இடித்தாள். எதிர்வீட்டுக்காரர் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். “அதான் வெச்சிருக்காரேம்மா, எடுத்துட்டுப் போங்களேன்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் டிவியில் சத்தம் கூடியது. போலீசுக்குப் போன் செய்தோம். வண்டி வெளியே போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள்.

கால் மணி நேரம் கழித்து அவனே கதவைத் திறந்தான். சட்டை மாற்றி, தலை வாரியிருந்தான். தட்டைத் தாண்டிக் கால் வைத்தவன், குனிந்து பார்த்து, “எடுத்துக்கலையா?” என்று கேட்டுவிட்டு வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு படியிறங்கினான்.

அவள் சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். மகள் மேசைக்கு அடியில். ஊசி அக்கா அவள் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அழுதாள். நான் எப்போதும் போல, “தட்டினோம்டி, எவ்வளவு நேரம் தட்டினோம்,” என்று உளறினேன்.

“கேட்டுச்சுக்கா,” என்றாள் அவள். உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேசினாள். “முன்னெல்லாம் நீங்க தட்டினா நிறுத்துவாரு. இன்னைக்கு நீங்க ஒவ்வொரு தடவை தட்டும்போதும் ஒண்ணு ஒண்ணா அடிச்சாரு.”

என் கையைப் பார்த்தேன். தட்டித் தட்டி விரல் முட்டி சிவந்திருந்தது. அதை வெட்டிப் போட்டுவிடலாம் போல அருவருப்பாக இருந்தது.

இரண்டு பேரையும் கடைக்கு அழைத்துவந்தோம். வெட்டு மேசைக்கு அடியில் துணி மூட்டைகளைப் பரப்பிப் படுக்கை போட்டேன். குழந்தை டிரையல் ரூமைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஆன்ட்டி, இந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் எங்க?” என்று கேட்டது. அதற்கு இருப்பது ஒரு திரைதான். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலைப் போட்டு வாசலில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி போன் செய்தார். குரலில் உற்சாகம் வழிந்தது.

“ஒரு சந்தோஷமான விஷயங்க. உங்க முறை தேர்வாகியிருக்கு. பன்னெண்டு ஊர்ல இதே மாதிரி தொடங்கப்போறோம். ஆண்களோட சேர்த்துத்தான், அதே படங்களோட.”

“அனுப்பாதீங்க,” என்றேன். நேற்று நடந்ததைச் சொன்னேன். தட்டைப் பற்றியும் கோப்பையைப் பற்றியும் சொன்னேன். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு அடி விழுந்ததைச் சொன்னேன்.

“ரொம்ப வருத்தமா இருக்குங்க,” என்றார். “ஆனா போன வாரமே அனுப்பிட்டோமே.”

“எந்தெந்த ஊர்? அங்க இருக்கிற குழுவோட பேர், நம்பர் ஏதாவது குடுங்க. நானே பேசிக்கிறேன். தட்டாதீங்கன்னு அவங்களுக்காவது சொல்லணும்.”

“அதெல்லாம் வெளியில சொல்ல முடியாதுங்க,” என்றார் அவர், ஒரு குழந்தைக்குப் புரிய வைக்கிற மாதிரி. “பெண்களோட பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பேர் விவரமெல்லாம் ரகசியம்.”