ஒரு கைக்கு லேசான புத்தகம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே வஜீஹின் மானத்தை வாங்கத்தான். அலெக்சாந்திரியாவில், நபி தானியேல் தெருவில், பழைய புத்தகம் விற்கிறவன் அவன். என் நாவலின் கடைசித் தாளைக் கிழித்துவிட்டு மிச்சத்தை விற்றான். கை தவறிக் கிழிந்ததல்ல. அளவுகோல் வைத்து நேராகக் கிழித்திருக்கிறான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடல் துக்கம் காத்துக்கொண்டிருந்த ஒரு சாம்பல் நிற மாலையில், உயிர் பிரிந்த ஒரு புத்தகம்

(வேண்டாம். இதை இன்ஷிராஹ் அக்காவிடம் படித்துக் காட்டினால் என்ன சொல்வார் என்று தெரியும். தெரிந்துகொண்டே எப்படித் தொடர்வது? நான் தடுக்கி விழுந்த இடம் உங்களுக்குத் தெரியட்டும் என்று அழிக்காமல் விட்டிருக்கிறேன்.)

2

இன்ஷிராஹ் இருபத்தாறு வருடம் டிராமில் டிக்கெட் கொடுத்தவர். இப்போது சனி, திங்கள், புதன் மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் நாற்காலியை விட்டு எழ முடியாது. அந்த அறையில் ஆறு நாற்காலி, ஆறு பெண்கள். இடது கையில் ஊசி இருக்கும், அசைக்கக் கூடாது. சும்மா இருந்த வலது கைக்கு அவராக ஒரு வேலை கொடுத்தார். சிரிக்க வைக்கிற காதல் கதைகளாகப் பார்த்து வாங்கி, சத்தம் போட்டுப் படித்தார். மற்ற ஐந்து பேரும் கேட்டார்கள்.

அவர்களுக்கு மாம்பழம் ஆகாது, தண்ணீருக்கும் அளவு உண்டு. அதனால் கதாநாயகி மாம்பழம் தின்கிற பக்கத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்வார்கள். எதிர் நாற்காலி தவ்லத் மூன்று தடவை கேட்பாள்.*

* தவ்லத்தை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு வாய் கொடுத்திருக்க மாட்டேன்.

கடையில் அந்த ரகமெல்லாம் தீர்ந்துபோனதும், அடுத்து என்ன என்று வஜீஹிடம் போய் நின்றார். மூன்று நிபந்தனை போட்டார். ஒரு கையால் பிடிக்க லேசாக இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். யாரும் சாகக் கூடாது.

வஜீஹ் தேடிப் பிடித்தான். ஒரு சமையற்காரரின் சுயசரிதை, வாத்து மட்டும் திருடுபோகிற துப்பறியும் கதை, இரண்டு சம்பந்தியம்மாக்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் சுற்றக் கிளம்புகிற நாவல். தடித்த புத்தகத்தை இரண்டாகப் பிரித்துத் தைத்தான். சாவு பூஜ்யம் என்பதற்கு அடையாளமாக அட்டையின் உட்பக்கம் பென்சிலால் ஒரு சுழி போட்டுக் கொடுத்தான். அவையும் தீர்ந்தபோதுதான் என் நாவல் அவன் கண்ணில் பட்டது. கனம் சரி, எழுத்து சரி, கதாநாயகி மாம்பழம் தின்கிற பக்கமும் உண்டு. மஹ்ரூஸ் என்ற மீனவனும் ஒரு தையற்காரியும் நூற்று நாற்பது பக்கம் சண்டை போட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். கடைசித் தாளில் மஹ்ரூஸ் கடலுக்குப் போய் மூழ்கிவிடுகிறான். வஜீஹ் அளவுகோலை எடுத்தான். பிறகு சுழி போட்டான்.

3

என் புத்தகம் ஆஸ்பத்திரியில் சக்கைப்போடு போடுகிறது என்று அவனே என்னிடம் சொன்னான். நான் நெஞ்சை நிமிர்த்திய பிறகுதான் மீதி விஷயம் வெளியே வந்தது. தெருவே கேட்கும்படி கத்தினேன். அவன் அசராமல் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். பதினோரு எழுத்தாளர்களின் கடைசித் தாள்கள் அதில் இருந்தன. என்னுடையதைத் தேடி எடுத்து நீட்டினான்.

"இந்தாங்க சார், உங்க சாவு. பத்திரமா வெச்சிருக்கேன்."

இந்த மாதிரிக் கதைகளை 'லேசான புத்தகங்கள்' என்று நான் ஒரு பத்திரிகையில் நக்கலடித்து எழுதியவன். தாளைப் பையில் வைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

(நடுவில் ஒரு சந்தேகம். வஜீஹுக்கு அக்காவின்மேல் ஒரு கண் இருக்குமோ? நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். இரண்டாம் வரைவில் இருவரையும் டீ குடிக்கவே உட்கார வைத்துவிட்டேன். அக்காவிடம் பிற்பாடு படித்துக் காட்டினேன். "காதல் கதை படிக்கிறவளுக்கெல்லாம் ஆள் வேணும்னு யாரு தம்பி சொன்னது? துப்பறியும் கதை படிக்கிறவன்கிட்ட, யாரக் கொல்லப் போறேன்னு கேப்பியா?" என்றார். டீயை எடுத்துவிட்டேன்.)

4

நான் போனது ஒரு புதன்கிழமை. ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அது சமீஹாவுடையது. திங்கட்கிழமை வந்து போனவள், செவ்வாய்க்கிழமை ஒரேயடியாகப் போய்விட்டாள். இன்ஷிராஹின் மடியில் என் புத்தகம் மூடிக் கிடந்தது. இன்று படிப்பாரா மாட்டாரா என்று மற்ற நான்கு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் படிக்காவிட்டால் நான்கு மணி நேரமும் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து நான் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். உண்மையான முடிவு என்னிடம்தான் இருக்கிறது என்றேன். வாழ்க்கை, கலை, எழுத்தாளனின் கடமை என்று ஏதேதோ பேசினேன். (முழுவதும் எழுத வெட்கமாக இருக்கிறது.)

"யாரு சாகறா?" என்று மட்டும் கேட்டார் இன்ஷிராஹ்.

"மஹ்ரூஸ், அக்கா."

"சாகறதுக்கு இங்க நாங்க இருக்கோமே தம்பி. அவன எதுக்கு வரிசையில நுழைக்கிறே?"

வலது கையை நீட்டித் தாளை வாங்கினார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தொடையில் வைத்து ஒற்றைக் கையால் நாலாக மடித்தார். தவ்லத்தின் பக்கத்து மேசை ஆடுகிறது, அதன் காலுக்கடியில் வை என்று என்னிடமே கொடுத்தார். வைத்தேன். ஆட்டம் நின்றது. என் எழுத்தால் ஒருவருக்குக் கைமேல் பலன் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

"இவருக்கு ரெண்டு கையும் சும்மாதானக்கா இருக்கு," என்றாள் தவ்லத். "இன்னிக்கு இவரே படிக்கட்டும். மாம்பழத்துலேருந்து."

மூன்று தடவை படித்தேன். பிறகு கடைசிவரை படித்தேன். புத்தகம் இப்போது இந்த வரியோடு நின்றுவிடுகிறது: 'மஹ்ரூஸ் படகில் ஏறினான். திரும்பிப் பார்த்துச் சொன்னான்:'

5

இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் நான் அழுகிறேன். (பொய்.) ஒன்றில் அந்த மேசை மறுபடி ஆடுகிறது. (கெட்டிக்காரத்தனம்.) மூன்றாவதில் ஜன்னல் வழியாகக் கடற்காற்று (போதும்.)

நடந்தது வேறு. அந்த வரி வரும்போதெல்லாம் அவர்கள் முறை வைத்து, அவன் என்ன சொன்னான் என்று ஆளுக்கொன்று சொல்வார்களாம். அன்றும் ஆரம்பித்தார்கள். தவ்லத் சொன்னது அச்சில் ஏறாது. "அரிசியப் போட்டு வை, மீனோட வர்றேன்" என்று சமீஹா எப்போதும் சொல்வாளாம். அடுத்தது அவள் முறை. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்று நாவலில் நான்கு பேரைக் கொன்றவன் நான். உயிரோடு இருக்கிற ஒருவன் தன் மனைவியிடம் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. இதைவிடக் கஷ்டமான வரியை நான் எழுதியதில்லை. கடைசியில் ஒன்று சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அது அவர்களுடையது, இங்கே எழுத மாட்டேன்.

முடிவு லேசாக இருக்கிறது என்று விமரிசகர்கள் சொல்வார்கள். ஆமாம், லேசுதான். இடது கையில் ஊசியைக் குத்திக்கொண்டு வலது கையால் பிடித்துப் பார்க்கட்டும்.

சனிக்கிழமையும் அந்த ஜன்னலோர முறை காலிதான். உங்களுக்குத் தருகிறேன். ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். நிபந்தனை தெரியும்.

மஹ்ரூஸ் படகில் ஏறினான். திரும்பிப் பார்த்துச் சொன்னான்: