மதியம் சாகும் நிரல்

திமிஷோவாரா நகரத்தில் ரொட்டிக் கடைகளுக்கு வண்டி ஒதுக்கும் கணினி நிரலை எழுதியவள் ஸ்மராந்தா. அது மதியவாக்கில் பொத்தென்று செத்துப்போகும். ஓட்டுநர்கள் சிகரெட்டும் கையுமாக நிற்பார்கள். கடைக்காரர்கள் போனில் அவள் வம்சத்தையே இழுப்பார்கள். வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் நிரலோடு அவளும் வெளியே என்று நிறுவன இயக்குநர் சொல்லிவிட்டார். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

குழுத் தலைவர் திபேரியு தங்கமான மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. "உன் புள்ள இன்னிக்கும் மயங்கிட்டான்" என்று நிரலைக் கிண்டலடிப்பார். என்றாலும் தினமும் காலையில் தன் கணினியிலிருந்து நிரலைக் கிளப்புவதும், விழுந்தால் எழுப்புவதும் அவர்தான்.

ஸ்மராந்தா வரிவரியாகத் துழாவினாள். பிழை இல்லை. புதனும் வெள்ளியும் மட்டும் அது சாகவே இல்லை. அதுதான் அவளைப் பைத்தியமாக்கியது. ஒரு முனகல்கூட இல்லாமல் சாகிறதென்றால் வெளியிலிருந்து எவரோ சாகச் சொல்கிறார்கள். சர்வரை இயக்கும் லினக்ஸில் ஒரு நிரல் இன்னொன்றுக்குச் சமிக்ஞை அனுப்பலாம். யார், யாருக்கு, எதை அனுப்புகிறார் என்று பார்க்க சர்வரில் ஒரு காவலை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

செவ்வாய் மதியம் காவலின் பதிவில் ஒரு வரி விழுந்தது. திரையில் கட்டளை தட்டும் ஒரு விண்டோவை மூடினால் அதில் கிளப்பிய நிரல்களுக்கெல்லாம் போகும் சமிக்ஞை அது. அனுப்பியது திபேரியுவின் விண்டோ. நிமிர்ந்தாள், அவர் சூப் குடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மூடாமல் சாப்பிடப் போக மாட்டார் மனிதர். புதனும் வெள்ளியும் அவருக்கு நோன்பு, இருக்கையை விட்டு அசையவே மாட்டார்.

தலைவரிடம் எப்படிச் சொல்வது? அவர் திரும்பி வந்ததும் திரையைக் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"அடப்பாவி, நான்தானா?"

நேராக இயக்குநர் அறைக்கு நடந்தார். எல்லாப் பழியும் தன் தலையில்தான் விழப்போகிறது என்று நினைத்தபடி அவளும் பின்னால் போனாள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லைங்க. உதவி பண்றேன்னு தினமும் கொன்னது நான்தான்" என்றார் திபேரியு.

இயக்குநர் வெள்ளிக்கிழமைப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார். வெளியே வந்ததும், விண்டோவை மூடாமல் தனக்குச் சோறு இறங்காது, ஏதாவது வழி பண்ணு என்று திபேரியு கெஞ்சினார். யாருடைய விண்டோவையும் நம்பாமல், சர்வரே கிளப்பும்படி நிரலை மாற்றினாள்.

வியாழன் மதியம் அவர் எல்லாவற்றையும் மூடிவிட்டு சூப்புக்குப் போனார். ஆர்டர்கள் நிற்காமல் வந்தன. ஸ்மராந்தா மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள். அழுகை வந்தது, அவள் அடக்கப் பார்க்கவில்லை.

"அம்மா, என் வேலை போகல."