பாறைக்குக் கிடைத்த பச்சை

ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது மகனுக்குப் போன் எடுக்காவிட்டால் பாப்பம்மாவுக்குச் சோறு இறங்காது. மண்சரிவு எச்சரிக்கை வந்து, தோட்டத்தில் ஒட்டி வரிசையாக நிற்கும் லயத்து வீடுகளின் சனம் முழுக்க இறத்தோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அடைபட்ட பிறகு கேட்கவே வேண்டாம். "என்னடா, ஒங்க கம்ப்யூட்டரு என்னா சொல்லுது? எப்பதான் எங்கள வீட்டுக்கு விடுவாங்க?" என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். மூன்றாம் வகுப்புக்குள் பதினொரு குடும்பம் படுத்துக் கிடக்கிறதாம். பிள்ளைகளுக்கு விடாத இருமலாம். கோழிகளுக்கு யார் தீனி போடுவார்களாம். மகன் வினோஜன் மாத்தளை டவுனில் மண்சரிவு வேலை பார்க்கிற ஆபீசில் இருக்கிறான், அவன் மனசு வைத்தால் ஒரே நாளில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது அவள் கட்சி. அதை மூன்றாம் வகுப்பு முழுவதுக்கும் சொல்லியும் வைத்திருந்தாள்.

அவன் என்ன தொரையா? ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் படத்தை எண்ணாக்கிக் கொடுக்கிறவன், அவ்வளவுதான். மலைகளின் ஆபத்து வரைபடம் ஒன்று அவர்களுக்கு வந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு படம். கிட்டப் போனால் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எண். எண் ஏற ஏற மண் சரியும் ஆபத்தும் ஏறும். அந்த ராஸ்டர் கோப்பைத் திறக்கிற மென்பொருள் எல்லா ஆபீசிலும் இருக்குமா? "எங்களுக்குப் படம் வேணாம். எக்ஸெல்ல போட்டுக் குடுங்க. எந்த வீடு, என்ன நம்பர், போகலாமா, கூடாதா, அது போதும்" என்று சனத்தை வீட்டுக்கு விடுவதை முடிவு செய்கிற மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். கேட்டதும் நியாயம்தான்.

முதலில் பதற்றத்தில் படத்திலிருந்த கட்டங்கள் அத்தனையையும் வரிசையாக்கப் போனான். பத்து லட்சத்துச் சொச்சத்தோடு இனி இடமில்லை என்று எக்ஸெல் கையை விரித்துவிட்டது. தலையிலடித்துக்கொண்டு, வீடுகள் இருக்கும் கட்டங்களை மட்டும் எடுக்க உட்கார்ந்தான். அதற்கு வேண்டிய புள்ளிகளை ஸுஹைல் தந்திருந்தான். ஸுஹைல் வெளி வேலைக்காரன். முகாமுக்குச் சனம் வருவதற்கு முன்பே தோட்டம் தோட்டமாக நடந்து, வீட்டுக்கொரு படிவத்தைப் போனில் நிரப்பி அனுப்பியவன். அந்தப் புள்ளிகளைப் படத்தின்மேல் வைத்து, எந்தப் புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அதன் எண்ணை அட்டவணையில் இறக்கவேண்டும்.

கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டு வினோஜனால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழுந்தான், ஜன்னலடிக்குப் போனான், வந்தான், தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு மறந்தான். பக்கத்து மேசையில் இருந்த றிப்கா, அந்த ஆபீசுக்குப் பொறுப்பானவள், கொங்காவெல ஊர்ப் பிள்ளை, பார்த்துச் சிரித்தாள்.

"என்ன வினோஜன், சோதனை ரிசல்ட்டா வரப்போகுது? கொஞ்சம் இருங்களேன்."

"எங்க லயமும் இதுலதான் இருக்கு, மிஸ்."

அட்டவணை வந்தது. அவன் மற்றத் தோட்டங்களையெல்லாம் தாண்டி நேராகத் தன் லயத்துக்கு ஓடினான். பாப்பம்மா, பச்சை. கணபதி, பச்சை. கிருஷ்ணம்மா, பச்சை. மேலிருந்து கீழே வரை ஒரே பச்சை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நிறத்தைப் பார்த்தானே தவிர, பக்கத்துப் பத்தியில் இருந்த எண்களைப் பார்க்கவில்லை. சந்தோஷம் வந்தவன் எவன் எண்ணைப் பார்ப்பான்? கோப்பு அன்று மாலையே மேலிடத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. அம்மாவின் குரலில் அப்படியொரு குதூகலம்.

"டேய், வீட்டுக்கு வந்துட்டோம்டா! காலையில லொறியில கொண்டாந்து எறக்கிட்டாங்க. நீதான் பண்ணிக் குடுத்தேன்னு எல்லாருக்கும் சொன்னேன். கோழி ரெண்டக் காணோம், போகட்டும். இப்ப போன் பாறையில நிக்கிறேன்."

போன் பாறை என்பது லயத்துக்கு மேலே, மலை முதுகில் கிடக்கும் பெரிய கருங்கல். அந்தப் பக்கத்தில் சிக்னல் பிடிப்பது அங்கே மட்டும்தான். யாருக்காவது பேசவேண்டுமென்றால் மூச்சு வாங்க ஏறி அதன்மேல் நிற்கவேண்டும்.

"அந்த ஸுஹைல் தம்பிக்கும் சொல்லுடா, புண்ணியமாப் போகும்னு. தங்கமான புள்ள. பணிய எறங்கி வர்றேன்னுதான் நின்னுச்சு. பாத வழுக்குது, நீ ஏன்யா எறங்குற, நாங்களே வர்றோம்னு எல்லாரும் ஏறி வந்துட்டோம். இங்க நின்னாத்தானே அது போனும் வேல செய்யும்? பாறையிலயே ஒக்காரவச்சு ரொட்டியும் குடுத்து, அத்தன பேரும் பதிஞ்சோம்."

வினோஜன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"அம்மா, அங்கேயே நில்லு. பணிய போகாத."

"அடுப்புல ஒலை வச்சிருக்கேன்டா, வைக்கிறேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

அவன் அட்டவணையைத் திறந்தான். எண் பத்தியில் லயத்து வீடு அத்தனைக்கும் ஒரே எண். புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம்கூட மாறவில்லை. படிவத்தின் 'அனுப்பு' பொத்தானை அழுத்துகிற இடத்தைத்தான் போன் வீடென்று குறித்துக்கொள்ளும். ஸுஹைல் அத்தனை பொத்தானையும் பாறையில் உட்கார்ந்து அழுத்தியிருக்கிறான். பாறை எங்கே சரியும்? அது ஆயிரம் மழைக்கும் அசையாது. பச்சை கிடைத்தது பாறைக்கு. வீட்டுக்குப் போனது சனம்.

விண்ணிலிருந்து எடுத்த படத்தில் லயத்துத் தகரக் கூரைகளைத் தேடி, ஒவ்வொன்றின் மேலும் அவனே புள்ளி வைத்தான். மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை எண்கள் வேறுவேறாக வந்தன. நிறம்தான் மாறவில்லை. எல்லாம் சிவப்பு. பின்னால் மண்மேடு ஒட்டி நிற்கும் கடைசித் தொங்கல் வீடு பாப்பம்மாவுடையது. பத்தியிலேயே பெரிய எண் அதற்குத்தான்.

றிப்கா ஒரு தரம் பார்த்தாள். "யா அல்லாஹ். ஸுஹைலும் பாவம், நம்மளும் ஒருக்கா செக் பண்ணியிருக்கணும். வினோஜன், நீங்க இப்பவே போங்க. நான் பிழைன்னு சொல்லி வேற ஷீட் அனுப்புறேன், லொறிக்கும் பேசுறேன். என்னத்தச் சொல்லியாவது ஆக்கள மேல ஏத்துங்க."

அம்மாவுக்கு எடுத்தான். தொடர்புகொள்ள முடியாது என்று சிங்களத்தில் ஒருத்தி சொன்னாள். கணபதிக்கு எடுத்தான். அதே ஒருத்தி. யார் பாறையில் நிற்பார்கள், எல்லாரும் வீடு கழுவிக்கொண்டிருப்பார்கள். பஸ் ஏறினான். பாழாய்ப்போன பஸ் மரக்கறி மூட்டை ஏற்ற நின்றது, ஆள் ஏற்ற நின்றது, டிரைவர் வெற்றிலை வாங்கவும் நின்றது. மலைப்பக்கம் வானம் கறுத்து இறங்கியிருந்தது. இறத்தோட்டையில் குதித்து ஆட்டோ பிடித்தான். பாதை உடைந்த இடத்தில் ஆட்டோக்காரன் இதற்குமேல் முடியாது என்றதும், மிச்சத்தை ஓட்டமும் நடையுமாக ஏறி, பாறையைத் தாண்டி, வழுக்கு வழியில் கீழே இறங்கினான்.

லயம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பாய்கள் வெளியே காய்ந்தன. பாப்பம்மா குசினியைக் கழுவிவிட்டு முந்தானையில் கை துடைத்தாள். மகனைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"அம்மா, கெளம்பு. எல்லாரும் கெளம்புங்க. பிழையாப் போச்சு. அந்தப் பச்சை பாறையோடது. லயம் முழுக்கச் சிவப்பு."

பக்கத்து வீட்டுக் கணபதி இரண்டு பிள்ளைகளின் தகப்பன். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றபடியே கேட்டான்: "நேத்து பச்ச, இன்னைக்குச் செவப்பு. நாளைக்கு என்னா கலரு தம்பி?"

எல்லாரும் சிரித்தார்கள். வினோஜன் கட்டத்தைச் சொன்னான், புள்ளியைச் சொன்னான், தொண்டை கட்டும்வரை சொன்னான். யாரும் அசையவில்லை. கழுவித் துடைத்த வீட்டை விட்டு மறுபடி அந்த மூன்றாம் வகுப்புக்கு யார் போவார்கள்? பாப்பம்மாவுக்கோ அவமானம் பொத்துக்கொண்டு வந்தது. மகனால்தான் வந்தோம் என்று ஊரெல்லாம் சொன்னவள் அவள்.

"நான் வரமாட்டேன். இந்த மேடு நான் வாக்கப்பட்டு வந்த நாள்லயிருந்து நிக்கிது. எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ போயி ஒன் வேலையப் பாரு."

முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. வினோஜனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வேறு வழி தெரியவில்லை. பையைக் கழற்றி மூலையில் வைத்தான். சப்பாத்தைக் கழற்றினான். காய்ந்த பாயொன்றை எடுத்து வந்து பின்சுவரோடு விரித்து, நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டான்.

"என்னடா பண்ற?"

"படுக்குறேன். நீ இருந்தா நானும் இருக்கேன். லீவு சொல்லிட்டேன்."

"விளையாடாத. மழ வருது, பஸ்ஸு போயிரும்."

"போகட்டும். ஒனக்கு ஆகாதது எனக்கு மட்டும் ஆகிருமா?"

பாப்பம்மா ஜன்னலுக்கு வெளியே ஈரமாய்க் கறுத்திருந்த மண்மேட்டைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அது வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடு. இப்போது மகனின் தலைமாட்டில் நின்றது. மழை வலுத்தது. அவள் அடுப்படிக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி மேட்டைப் பார்த்தாள். மேட்டின் நடுவிலிருந்து தண்ணீர் கசிந்து சுவரோடு ஓடியது.

"எந்திரி."

"மாட்டேன்."

"எந்திரிடா மூதேவி!" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். அவனுடைய பையைத் தன் தோளில் மாட்டி, சப்பாத்தைக் கையில் எடுத்து, அடுப்பில் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலோடு அவனை முன்னால் தள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

கணபதி இஸ்தோப்பிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னா பாப்பம்மாக்கா, பச்சைன்னு சொன்னீங்களே?"

"பச்சையாவது மண்ணாங்கட்டியாவது! எம்புள்ள இங்க படுக்கமாட்டான்." அவள் நின்று திரும்பினாள். "நீ ஒம்புள்ளைகளப் படுக்க வைப்பியா, சொல்லு?"

கணபதி உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தான்.