நாலு முழக் கயிறு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று சாலிஹீனின் மகன் இம்தாதுக்கு முழுப் புலமைப்பரிசில் தருவதாகச் சொல்லியிருந்தது. அவன் ஐயாயிரம் மீட்டர் ஓடிய நேரத்தைக் கேட்டு அங்குள்ள பயிற்றுநர் அசந்துபோனாராம். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடு அறுத்துப் பலி கொடுத்த பிறகுதான் அந்த நேரம் திடீரென்று அரை நிமிடம் குறைந்தது. "எல்லாம் குர்பான் குடுத்த பறக்கத்து" என்று அதை இறையருளாகவே கல்முனைக்குடி முழுக்கச் சொல்லித் திரிந்தார் சாலிஹீன். பயணச் செலவுக்குத் தோணியையும் விற்றுவிட்டார்.

புலமைப்பரிசிலுக்குக் கையெழுத்திடும் முன் அவன் ஓடிய ஓடுபாதையை அளந்து அனுப்பச் சொன்னது பல்கலைக்கழகம். பயிற்சி கொடுக்கும் சசிகரன் மாஸ்டர் அளவு நாடாவோடு இரண்டு தடவை சுற்றி வந்தார். சாலிஹீனிடம் வந்து நின்றபோது முகத்தில் ஈயாடவில்லை.

"காக்கா, ஒரு சுற்றுக்குப் பதினொரு மீட்டர் குறையுது."

"என்ன கதை மாஸ்டர் இது?"

"நடுவில முளையடிச்சுக் கட்டி வளைவுக்குக் கோடு போடுற கயிறு நாலு முழம் கட்டையாக் கிடக்கு. ஆரோ வெட்டி எடுத்திருக்காங்க. மழையில அழிஞ்ச கோட்ட அந்தக் கயித்தாலதான் திரும்பப் போட்டன். பொடியன் இவ்வளவு நாளும் குறைஞ்ச தூரந்தான் ஓடியிருக்கான்."

"எந்தப் படுபாவி..." என்று கத்தத் தொடங்கிய சாலிஹீனுக்குப் போன பெருநாள் ஞாபகம் வந்தது. அன்று குர்பான் மாடு கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்தது இந்த மைதானத்துக்குள்தான். அப்போது மாஸ்டரின் அறை வாசலில் ஒரு நீலக் கயிறு சுருண்டு கிடந்தது. அவசரத்துக்கு அதில் நாலு முழம் அறுத்து மாட்டைக் கட்டி இழுத்துப் போனவர் அவர்தான்.

வீட்டு முற்றத்தில் அந்த நீலக் கயிற்றில் மகனின் ஓட்டச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"வாப்பா, அளந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தான் இம்தாத்.