மெட்ராஸ் லைனில் நட்சத்திரங்கள்

தொண்ணூறுகளில் பூனாவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தடுமாறும். மெட்ராஸ் லைன் ஸ்டேஷன்கள் தடுமாறாது. வருடாவருடம் மே மாதத்தில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டே மனப்பாடம் ஆனவை. தவுண்ட், சோலாப்பூர், குல்பர்கா என்று கிலோமீட்டரோடு ஒப்பிப்பார்கள். பூனாவின் கிர்க்கி ஏரியாக்காரன் ஜெரோஷ் இந்த ஒரே ஞானத்தை நம்பித்தான் கல்லூரி அறிவியல் கண்காட்சியில் இறங்கினான்.

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒரு மீட்டராகச் சுருக்கினால், எந்த நட்சத்திரம் எந்த ஸ்டேஷனில் நிற்கும்? ஓர் ஒளியாண்டு அறுபத்துமூன்று கிலோமீட்டராகிவிடும். சூரியன், பூனா ஒன்றாம் பிளாட்பாரம். மிக அருகில் உள்ள நட்சத்திரம், சோலாப்பூர். சிரியஸ், மந்த்ராலயம் ரோடு. தெர்மாகோல் பலகையில் ஸ்கெட்ச் பேனாவால் அவன் எழுத, கணக்கைச் சரிபார்த்தவள் வகுப்புத் தோழி ஹெலினா.

அவள் அப்பாவுக்கு ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை. ஆவடிக்கு மாற்றல் வந்துவிட்டது. கண்காட்சி சனிக்கிழமை; மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ரயில். ஜெரோஷுக்கு இது பன்னிரண்டு நாளாகத் தெரியும். அங்கே வந்து உன்னைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட வேண்டும். பன்னிரண்டு நாளும் தெர்மாகோலைப் பற்றித்தான் பேசினான்.

"ஆல்டேர் நட்சத்திரம் குல்பர்காவுக்கு முன்னாலயா?" என்றாள் ஹெலினா.

"ஆமா. முன்னூத்தி இருபத்தஞ்சு கிலோமீட்டர். காலைல ஏறினா மத்தியான சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

"க்யா ரே, புக்ல அஞ்சு புள்ளி ஒண்ணு நாலு பார்செக்னு இருக்கு. நீ ஒளியாண்டுன்னு நெனச்சுப் போட்டிருக்க."

"ரெண்டும் தூரம்தான?"

"ஒரு பார்செக்னா மூணேகால் ஒளியாண்டுடா, மக்கு."

கால்குலேட்டரைத் தட்டினாள். "ஆயிரத்தி அறுபது. என்ன ஸ்டேஷன் வருது, சொல்லு."

ஜெரோஷ் வழக்கமான வேகத்தில் கிளம்பினான். ரேணிகுண்டா தாண்டினான். அரக்கோணம் தாண்டினான். திருவள்ளூரில் குரல் இறங்கியது. அதற்குப் பிறகு நகரவில்லை.

"ஆவடி," என்றாள் அவள். "ரெண்டு ஸ்டேஷன் முன்னபின்ன இருக்கும்."

வராந்தாவில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெரோஷ் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் திறந்தான்.

"அழிச்சுட்டு ஆவடின்னு எழுதவா?"

"நீ பாத்திருக்கியா அந்த ஊரை?"

"ரயில் அங்க நிக்காது. ஜன்னல்லேர்ந்து பாத்திருக்கேன்."

"அப்ப எழுதாத." ஹெலினா கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிறிஸ்துமஸ் லீவுக்கு வா. எறங்கி நல்லாப் பாத்துட்டு எழுது."

ஆல்டேருக்கு நேரே இடம் காலியாகவே கண்காட்சிக்குப் போனது. நடுவர் அதற்கு மதிப்பெண் குறைத்தார். ஆறுதல் பரிசும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவளும் போனாள்.

திங்கட்கிழமை ஜெரோஷ் கிறிஸ்துமஸ் லீவு டிக்கெட்டுக்காக ரிசர்வேஷன் வரிசையில் நின்றான். மெயில் ஆவடியில் நிற்காது, அரக்கோணத்தில் இறங்கி லோக்கல் பிடி என்று கவுண்டர்காரர் இந்தியில் சலித்துக்கொண்டார். ஒளிக்கே பதினேழு வருடம் பிடிக்கும் தூரம். அதை இருபத்திரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட ரயில்வே, வெயிட்டிங் லிஸ்டில் நாற்பத்தொன்றாவது ஆளாக அவனைச் சேர்த்துக்கொண்டது.