வியாழக்கிழமை முகம்

திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளைக் காணவில்லை. அறைகளை வாடகைக்கு விடும் மிஸஸ் ப்ரூயெட் அதை நாலாய் மடித்துத் தேநீர்க் கெண்டிக்கு அடியில் செருகி, கெண்டிக்குச் சூடு ஆறாதிருக்கக் கம்பளிக் குல்லாயும் மாட்டிவிட்டு, எதுவும் நடக்காதது போல ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் எதையாவது ஒளித்துவைத்தால் அந்த இடமே கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். மேபெல் க்ரௌதர் கெண்டியைத் தூக்கித் தாளை உருவினாள்.

“அதுல ஒண்ணுமில்ல மேபெல். மழை வருமாம், அவ்வளவுதான்,” என்றாள் மிஸஸ் ப்ரூயெட், திரும்பிப் பார்க்காமலே.

மழைச் செய்திக்குப் பக்கத்துப் பத்தியில் விமர்சனம் இருந்தது. நேற்றிரவு ஒளிபரப்பான தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றிப் பொதுவாக நல்ல வார்த்தைதான் எழுதியிருந்தார்கள். கடைசியில் மட்டும் ஒரு வரி. போர் முடிந்து பல வருடம் கழித்து வீடு திரும்பும் மகனை வரவேற்ற தாய், அவன் வாசல் வழியாக வராமல் கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குவான் என்று எதிர்பார்த்தவரைப் போல உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று. அந்தத் தாய் மேபெல்தான். அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். லண்டன் முழுக்க இன்று காலை இதைப் படித்துச் சிரித்துக்கொண்டேதான் முட்டையை உடைத்திருக்கும். நாற்பது சொச்சம் வயதில் முதன்முதலாக முகத்தைக் காட்டப் போய், ஒரே ராத்திரியில் மானம் கப்பலேறிவிட்டது.

குரல் என்றால் அவளை மிஞ்ச ஆளில்லை. வானொலியில் வாரநாள் மதியம்தோறும் வரும் தொடரில், அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் அளக்கும் மிஸஸ் கிப்பின்ஸ் அவள்தான். இறைச்சிக்கடையில் வரிசையில் நின்று வாயைத் திறந்தால் போதும், முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் திரும்புவார்கள். கடைக்காரர் பங்கீட்டு அளவுக்கு மேல் ஒரு துண்டு ஈரலைத் தாளில் சுற்றி, “மிஸஸ் கிப்பின்ஸுக்கு” என்று கண்ணடித்துக் கொடுப்பார். ஆனால் வாயைத் திறக்கும்வரை அவள் யாரோ ஒருத்தி. வானொலியில் வசனத்தைப் பார்த்துப் படிக்கலாம். படித்த தாளைச் சத்தமில்லாமல் கம்பளத்தில் நழுவவிடலாம். எதிரில் பேசுகிற ஆளைப் பார்க்கவே வேண்டாம். பார்க்கவேண்டியது மைக்கை மட்டும். மைக் ஒரு காது, யாரோ ஒருவருடைய காது, அந்த ஒருவரிடம் பேசு என்று ஆரம்ப நாளிலேயே யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாருடைய காது என்பதை மேபெல் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். தொலைக்காட்சியில் மைக் முகத்துக்கு நேரே நிற்காது. படத்தில் தெரியாமல் ஒரு நீண்ட கழியின் நுனியில் தலைக்கு மேலே தொங்கும். கதவு திறந்தது, மகன் வந்து நின்றான், “உள்ள வாப்பா, சாப்பாடு ஆறிப்போகுது” என்று அவள் சொல்லவேண்டும். இருபது வருடப் பழக்கம் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது. எதிரில் கண்ணீரோடு நின்ற பையனை விட்டுவிட்டு, அவள் அண்ணாந்து பார்த்து அந்த வசனத்தை மைக்கிடம் சொன்னாள். அதுவும் அன்பொழுகச் சொன்னாள். இனி அழித்து எழுத முடியாது. நேரடி ஒளிபரப்பு, பேசியது காற்றோடு போய்விட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமை அதே நடிகர்கள் மறுபடியும் வந்து, அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு, முதல் வசனத்திலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை நடிக்கவேண்டும்.

அன்று மாலை கூடத்தில் தொலைபேசி அடித்தது. வடக்கே, பிறந்த மண்ணான லங்காஷயரிலிருந்து தங்கை எட்னா. தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பேசினாள். அவள் வீட்டில் தொலைபேசி கிடையாது.

“அக்கா, ஒரு சேதி. வியாழக்கிழமை அப்பா பாக்கப் போறார்.”

“எதை?”

“எதையா? உன்னைத்தான். பக்கத்து வீட்டு மிஸ்டர் என்ட்விஸில் இருக்கார்ல, ராணியோட முடிசூட்டு விழாவைப் பாக்க டெலிவிஷன் பெட்டி வாங்கினாரே, அவர் வீட்ல. நேத்து ஞாயித்துக்கிழமை, சபை இருந்துது, அப்பா அந்தப் பக்கமே திரும்பல. இன்னைக்கு நான் சும்மா காதுல போட்டு வெச்சேன், வியாழக்கிழமை மறுபடி போடறாங்கன்னு. பூட்ஸைத் துடைச்சுக்கிட்டே, ‘வியாழக்கிழமை எனக்கு வேலை ஒண்ணுமில்ல’ன்னார்.”

மேபெல் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பா ஜோசையா க்ரௌதர் பஞ்சாலையில் உழைத்தவர், நாடகத்தைப் பாவமென்று நினைக்கும் ஊர்த் தேவாலயச் சபையின் மூப்பர். மகள் ஒரு நாடகக் கம்பெனியோடு ஊரைவிட்டுப் போனபோது அவர் கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. அவள் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அம்மாவின் அடக்கத்தன்றுகூட, கல்லறை மேட்டில் எதிரெதிரே நின்றபோது, அவளுக்குப் பின்னால் இருந்த மரத்தைத்தான் பார்த்தார். ‘எனக்கு வேலை ஒண்ணுமில்ல’ என்று அவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு மகள்களுக்கும் தெரியும். அந்த வீட்டில் யாரும் எதையும் அதைவிட நேராகச் சொன்னதில்லை.

“ஞாயித்துக்கிழமை நான் சொதப்பிட்டேன் எட்னா.”

“அதனாலென்ன, எங்க வீட்ல யாரும் அதைப் பாக்கவே இல்லையே. எங்களுக்கு வியாழக்கிழமைதான் முதல் தடவை.”

செவ்வாய்க்கிழமை வானொலி ஒலிப்பதிவு அறையை விட்டு வெளியே வந்ததும், நாடகத்தின் தயாரிப்பாளர் ஃபென்விக் அவளைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டார். கெட்ட சேதியைப் பல்லைக் காட்டிச் சொல்லும் ரகம் அவர்.

“உங்க குரல் தங்கம் மேபெல். அதை நான் விடப்போறதில்ல. அந்தக் கடைசி இடத்துல மட்டும் சின்ன மாத்தம். நீங்க காமிராவுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. பையன் முகத்தைப் படம் பிடிச்சுக்கறோம், உங்க குரல் கேட்டாப் போதும். நீங்க எங்க வேணா பாருங்க, சாமியைக்கூடப் பாருங்க. யாருக்கும் தெரியாது.”

வேறொரு வாரமாக இருந்தால் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பாள். நாடகம் முழுக்க அவள் வருவதே அந்த ஒரு காட்சிக்குத்தான். என்ட்விஸில் வீட்டு முன்னறையில், கடன் வாங்கிய நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருடம் கழித்து அவர் மகளைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு அவள் முதுகைக் காட்டுவதா?

“எனக்கு முகம் வேணும் மிஸ்டர் ஃபென்விக்,” என்றாள். தன் குரல் இவ்வளவு சின்னதாகிப் போகுமென்று அவளுக்கே தெரியாது.

ஃபென்விக் சிரிப்பை நிறுத்தினார். “வியாழக்கிழமை மத்தியானம் ஒத்திகைல பாப்போம். ஒரு தடவை மேல பாத்தீங்க, முதுகுதான்.”

புதன்கிழமை சிற்றுண்டிச்சாலையில் அவள் தனியாக உட்கார்ந்து, எதிரில் இருந்த உப்புக் குப்பியைப் பார்த்து ‘உள்ள வாப்பா’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஆள் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். வழுக்கை, பருத்த கழுத்து, தோள் மட்டும் சுமைதூக்கியின் தோள். அந்தக் கழியைப் பிடித்து மைக்கை ஆட்டும் ஆல்ஃப்.

“ஞாயித்துக்கிழமை நீங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே அம்மணி, என் பொண்டாட்டிகூட என்னை அப்படிப் பாத்ததில்ல. சாப்பாடு ஆறுதுன்னு வேற சொன்னீங்களா, கழியைப் போட்டுட்டு இறங்கி வந்துடலாமான்னு ஆயிடுச்சு.”

மேபெலுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தின் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னையறியாமல் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: மைக் யாருடைய காது, அவர் கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் இத்தனை வருடம் மதியம்தோறும் யாரிடம் பேசினாள், நாளை யார் பார்க்கப்போகிறார், எல்லாம். ஆல்ஃப் மீன் வறுவலை மென்றபடி கேட்டான். முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டான்.

“மைக்கை நீங்க தேட வேணாம். நான் எதுக்கு இருக்கேன்? நீங்க எந்தப் பக்கம் திரும்பினாலும், எவ்வளவு மெதுவாப் பேசினாலும், நான் வந்து வாங்கிக்குவேன். நீங்க பாக்கலேன்னா வராம இருந்துடுவேனா?”

வியாழக்கிழமை ஒத்திகையில் அவள் மேலே பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதிலேயே முழு மூச்சும் செலவாகி, வசனத்தைக் கட்டை போலச் சொன்னாள். மேலே கண்ணாடி அறையிலிருந்து ஃபென்விக் இறங்கி வந்து தாடையைத் தடவினார். “ரெண்டு காமிராவையும் வெக்கறேன். ஒண்ணு உங்க முகத்துக்கு, ஒண்ணு பையன் பக்கம். எதைப் போடறதுன்னு அந்த நேரத்துல முடிவு பண்ணிக்கறேன்,” என்றார். அது கருணையா, தண்டனையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ராத்திரி ஒளிபரப்பு தொடங்கியது. விளக்குகளின் சூட்டில் முகப்பூச்சு உருகியது. நடிகர்கள் ஒரு காட்சி முடிந்ததும் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையில் கிடந்த வடங்களைத் தாண்டி, பூனை நடை நடந்து அடுத்த வீட்டுக்குள் புகுந்தார்கள். அந்த வீடுகளுக்கு மூன்று சுவர்தான். மேபெல் தன் சமையலறையில் போய் நின்றுகொண்டாள். கதவு திறந்தது.

மகனாக நடித்த டெஸ்மண்ட் வாசலில் நின்றான். ஞாயிற்றுக்கிழமையும் அவன் இப்படித்தான் நின்றிருப்பான். அன்று அவள் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். சவரம் செய்த இடத்தில் ஒரு சின்ன வெட்டு. உதட்டோரம் நடுக்கம், அது நடிப்பா, பயமா என்று சொல்ல முடியவில்லை. ஏச்சு விழுமோ, சோறு கிடைக்குமோ என்று தெரியாமல் வீட்டு வாசலில் நிற்கிற பிள்ளை. இந்த முகத்தை எனக்குத் தெரியுமே என்று நினைத்தாள். அம்மாவின் அடக்கத்தன்று, கல்லறை மேட்டில், இது தன்னுடைய முகமாகத்தான் இருந்திருக்கும். எந்தக் காமிராவில் சிவப்பு விளக்கு எரிகிறது, எதன் படம் ஒளிபரப்பாகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை. ஒத்திகையில் இல்லாத ஒரு அடியை முன்னால் வைத்து, அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப்போட்டாள். பிறகு, வானொலியில் ஒருநாளும் துணியாத மெல்லிய குரலில், “உள்ள வாப்பா. சாப்பாடு ஆறிப்போகுது” என்றாள். தலைக்கு மேலே எதுவோ சத்தமின்றித் தாழ்ந்து வந்ததைப் பார்க்காமலே உணர்ந்தாள்.

நாடகம் முடிந்ததும் ஃபென்விக் ஏதோ விருந்துக்குப் போய்விட்டார். எந்தப் படத்தைப் போட்டார் என்று கேட்க ஆளில்லை. ஆல்ஃபுக்கும் தெரியாது, அவன் அவள் வாயை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். வெள்ளிக்கிழமை மதியம் மிஸஸ் கிப்பின்ஸாகப் பேசிவிட்டு வந்து, மாலை முழுக்கக் கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மிஸஸ் ப்ரூயெட்டிடம் கேட்கலாம் என்றால், நேற்றிரவு ஆர்வ மிகுதியில் தன் தொலைக்காட்சிப் பெட்டியின் திருகுகளையெல்லாம் திருகி, படம் கலைந்து, கடைசி வரை திரையில் பனி விழுவது போன்ற வெள்ளைப் புள்ளிகளைத்தான் பார்த்தாளாம்.

மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

“எட்னா, என் மூஞ்சி தெரிஞ்சுதா? இல்ல முதுகா?”

“முதுகா? மூஞ்சிதான். பெட்டி முழுக்க உன் மூஞ்சிதான். அந்த நூலை எடுத்தே பாரு, அப்படியே அம்மா. என்ட்விஸில் பொண்டாட்டி ஓன்னு அழுதுட்டா.”

“அப்பா?”

தொலைபேசிக் கூண்டின் கூரையில் மழை அடிக்கும் சத்தம் கேட்டது. “சபைக்குப் போடற நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு வந்தார். எல்லாம் முடிஞ்சு பெட்டியை அணைச்சதும் நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி நிக்குமே, அது மறையற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். அப்புறம் என்ட்விஸிலைக் கூப்பிட்டு, ‘அந்தக் கடைசி இடத்தை மட்டும் மறுபடி போடு’ன்னார். அதெல்லாம் போட முடியாது, போனது போனதுதான்னு அவர் சொன்னா, ‘ஞாயித்துக்கிழமை போனதை வியாழக்கிழமை போட்டாங்கல்ல’ன்னு சண்டைக்குப் போறார்.”

மேபெல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னொண்ணும் சொல்லணும் அக்கா. நீயா கேக்க மாட்டே. மதியம் உன் தொடர் வர்ற நேரத்துல அவருக்குத் தினமும் வானொலிப் பெட்டிமேல தூசி தட்டற வேலை. முடியற வரைக்கும் தட்டுவார். உங்கிட்ட சொன்னா கொன்னுடுவேன்னார்.”

“எட்னா—”

“காசு தீர்ந்துபோச்சு அக்கா, அவ்வளவையும் போட்டுட்டேன்.”

நேரம் முடிந்துவிட்டது, மேலும் பேசுவதாக இருந்தால் காசு போடவும் என்றது தொலைபேசி இணைப்பகப் பெண்ணின் குரல். மேபெல் தொலைபேசிக் குழலைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள். கூண்டின் கனத்த கதவு முனகித் திறந்தது, மழையின் சத்தம் ஒரேயடியாக உள்ளே வந்தது, கதவு மூடியது. ஈரக் காலணி சிமெண்டுத் தரையில் இரண்டு முறை தேய்ந்தது. பிறகு ஒரு காசு விழுந்தது. எட்னா போட்ட சில்லறைப் பென்னிகளின் கிணுகிணுப்பு இல்லை. கோயில் மணி மாதிரிக் கனத்து ஒலிக்கும் ஷில்லிங்.

“பேசலாம்,” என்றாள் இணைப்பகப் பெண்.

பஞ்சாலைத் தூசியை வாழ்நாளெல்லாம் சுவாசித்த நெஞ்சின் மெல்லிய விசில் மட்டும் வந்து வந்து போனது. மேபெல் குழலை இரண்டு கைகளாலும் பிடித்து வாயருகே கொண்டுவந்தாள். மறுமுனையில் சட்டைப்பையைத் துழாவும் ஓசை கேட்டது. இன்னொரு ஷில்லிங் விழுந்தது.