வரிசையில் நின்ற செருப்பு

பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் தங்கை கழற்றி வைத்துவிட்டுப் போன செருப்பை, அவள் இறந்த நாளிலிருந்து யாராலும் எடுக்க முடியவில்லை. அக்கா குனிந்து இழுத்துப் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரர் கடப்பாரையால் நெம்பினார், கடப்பாரைதான் வளைந்தது. இத்தனைக்கும் அது சாதாரண ரப்பர் செருப்பு. அறுந்த வாரை அக்காதான், தான் காலர் தைக்கும் ஆலையின் நீல நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள்.

வரிசையில் செருப்பை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவது அங்கே வழக்கம். திரும்பி வரும்வரை அந்த இடத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள். மூன்று பிள்ளை பெற்று உடம்பு ஓய்ந்துபோன தங்கை, இனிமேல் கருத்தரிக்காமலிருக்க வழி கேட்கத்தான் வந்திருந்தாள். கதவு பூட்டியிருந்தது. ரிப்பேர் வேலை, நாளைக்குத் திறப்பார்கள் என்றார் காவலாளி. அவர் சொன்னதை நம்பி, செருப்பை வைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவேயில்லை. நாலாவது பிரசவம்தான் வந்தது. ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தாள். அக்காவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

ஆலை விட்டதும் தினமும் வந்து செருப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் பைத்தியம் என்றார்கள். பிறகு இதேபோலப் பிரசவத்தில் மகளை இழந்தவள் ஒருத்தி, மருமகளை இழந்தவள் ஒருத்தி என்று வந்து, அதே வரிசையில் பின்னால் இருந்த செருப்புகளில் தங்கள் வீட்டுச் செருப்பைத் தேடி எடுத்தார்கள். எடுத்தார்கள் என்றால், எடுக்கப் பார்த்தார்கள். எதுவும் அசையவில்லை. அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒருநாள் சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் வந்தார்.

“ஒரு செருப்புக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?”

“நீங்களே எடுத்துட்டுப் போங்க சார். நாங்க எழுந்திரிக்கிறோம்.”

மூச்சைப் பிடித்து இழுத்தவர் மல்லாக்க விழுந்தார். பல மாதங்களுக்குப் பிறகு பெண்கள் சிரித்தது அன்றுதான். சாயங்காலமே போலீஸ் வந்து அவர்களை முடியைப் பிடித்து இழுத்துப்போனது. செருப்புகள் அங்கேயே இருந்தன. மேலே தார் ஊற்றிச் சாலை போட்டார்கள். விடிந்தபோது தாருக்கு மேலே அதே வரிசையில் இருந்தன. போலீஸ் விட்டதும் பெண்களும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு வேலை போனது, முடி நரைத்தது. கூட உட்கார்ந்திருந்தவர்களிலும் இரண்டு பேர் பிரசவத்தில் போனார்கள். அவர்களுடைய செருப்பும் வரிசையில் சேர்ந்தது.

கடைசியில், இந்தப் பெண்களின் தொல்லை தாங்காமல், வாரத்தில் இரண்டு நாள் என்று கதவைத் திறந்தார்கள். நர்ஸ் எட்டிப்பார்த்து, “முதல்ல யாரு?” என்றாள். நீல நூல் போட்ட செருப்பு நகர்ந்தது. இடது, வலது என்று நிதானமாகப் படியேறி உள்ளே போனது. அக்கா பின்னாலேயே போனாள். புதிதாக வந்த டாக்டரம்மா சின்ன வயசு. செருப்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?”

“எனக்கில்லைம்மா, என் தங்கச்சிக்கு. இனிமே பிள்ளை வேண்டாமாம்.”

“ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க?” எல்லோரிடமும் கேட்டுப் பழகிய வாய், கேட்டுவிட்டது.

“அவ நேரத்தோடதான் வந்தா. நீங்கதான் இப்ப வந்திருக்கீங்க.”

டாக்டரம்மா ஒரு சீட்டை எடுத்து, தங்கையின் பெயரைக் கேட்டு எழுதினார். வெளியே அடுத்த ஜோடிச் செருப்பு ஒரு படி ஏறி நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் நிறைய இருந்தன. உயிரோடு வந்த பெண்கள், தங்களுக்கு முன்னால் வந்தவர்கள்தானே என்று, முணுமுணுக்காமல் கடைசியில் போய் நின்றார்கள்.